சித்தன்னவாசல் மேட்டில் நின்ற கார்

அதனால்தான் சொல்கிறேன் ராசு, அந்த ஜீப் எஞ்சினை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் நான் எழுதுவதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு. உன் பெரியப்பா காலையில் மில்லுக்குக் கிளம்பும்போதே, "வேணும், வேண்டாம்னு ஒரு வார்த்தை எழுதிப் போட்டா ஆச்சு. இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டுக் காயிதம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அவருக்கு எல்லாமே ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். எனக்கு அப்படி முடியாது என்பது உனக்குத் தெரியும். பேச உட்கார்ந்தால் பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் எழுந்திருப்பேன். எழுத உட்கார்ந்தாலும் அதே கதைதான். விளக்கேற்றி, ஐயனாரை நினைத்துக்கொண்டு, பிள்ளையார் சுழியும் போட்டாகிவிட்டது. இனி நடுவில் நிறுத்தமாட்டேன்.

நீ கேட்டிருப்பதை இரண்டு தடவை படித்தேன். தை பிறந்ததும் லீவு போட்டு வருவாய். நம்ம மில் கொட்டகையில் நிற்கிற உன் அப்பாவின் சீமைக் காரில் இருக்கும் சின்ன எஞ்சினைக் கழற்றிவிடுவாய். மெட்ராஸில் நீ வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஏலத்துக்கு வந்த மிலிட்டரி ஜீப்பின் எஞ்சினை அதில் மாட்டுவாய். முன்மூடியைக் கொஞ்சம் வெட்ட வேண்டும், உள்ளே இரும்புச் சட்டத்தையும் கொஞ்சம் அறுக்க வேண்டும், ஆனால் பழையதைப்போல இரண்டு பங்கு தெம்பு வந்துவிடும். மாசியில் கல்யாணம் முடிந்து, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சித்தன்னவாசல் மேட்டை ஒரே மூச்சில் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். இதெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், 'பெரியாத்தா சம்மதிச்சாத்தான் கை வைப்பேன்' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியைப் படித்ததும் நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நான் உன்னைப் பெற்றவள் இல்லை. உன் அப்பாவின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தவள். எனக்கென்று பிள்ளை இல்லை. ஐந்து வயதில் தாயில்லாமல் நீ என் மடியில் வந்து விழுந்த நாளிலிருந்து எனக்கு மகன் நீதான். அந்தக் காரின் சாவியும் அப்போதிருந்து என்னிடம்தான் இருக்கிறது. பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். உன் ஆத்தாவின் காரியம் முடிந்த பிறகு உன் அப்பா அதை என்னிடம் கொடுத்தார்.

கார் வந்த கதையை நீ உன் அப்பா வாயால் கேட்டிருப்பாய். அவர் சொன்னதில் பாதி பெருமையும் பாதி வருத்தமும் இருந்திருக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் அது. அரண்மனை உத்தியோகத்தில் இருந்த பெரிய பெரிய ஆட்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பெங்களூர், மெட்ராஸ் என்று போனார்கள். நாற்காலியும் அலமாரியும் நாய்க்குட்டியும் தெருவில் விலைக்கு நின்றன. நெல் விற்ற பணத்தோடு டவுனுக்குப் போன உன் அப்பா, மில்லுக்கு பெல்ட் வாங்காமல் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மேலே கூரை இல்லை. கம்பிச் சக்கரம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற மாதிரி ஒரு உடம்பு. கிளிப் பச்சை நிறம். உன் பெரியப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "பத்துப் பேரு சாப்புடுற வீட்டுக்கு ரெண்டு பேரு உக்கார்ற வண்டி வாங்கியாந்திருக்கான். மத்த எட்டுப் பேரும் பின்னாடியே ஓடி வரணுமாடா?" என்று கேட்டார். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "இது ரேஸ் வண்டிண்ணே. ஓடுறவங்க பின்தங்கிருவாங்க" என்றார். அண்ணனும் தம்பியும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. மில்லுக்கு பெல்ட் வர அடுத்த அறுவடை ஆயிற்று.

உன் ஆத்தா வள்ளிக்கண்ணுக்கு முதலில் அதைக் கண்டாலே பயம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பாள். உன் அப்பா காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும் சத்தம் கேட்கும் வரைக்கும் வாயில் சோறு வைக்கமாட்டாள். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். நம்ம ஊர் ஐயனாருக்கு எல்லோரும் மண் குதிரை செய்து வைப்பார்கள் இல்லையா, அவள் மண் கார் செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டாள். வேளார் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வேளார் கேட்டதும் மண்ணைக் கையிலிருந்து உதறிவிட்டு, "தாயி, எங்க வம்சத்துல குதிரை தெரியும், ஆனை தெரியும், மாடு தெரியும். காருக்கு மூஞ்சி எங்கிட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாதே" என்றார். "முன்னாடி ரெண்டு வெளக்கு இருக்குல்ல மாமா, அதைக் கண்ணுன்னு வச்சுக்கங்க" என்றாள் உன் ஆத்தா. அப்படியே செய்துவிட்டார். இப்போதும் ஐயனார் தோப்பில் குதிரைகளுக்கு நடுவில் அது நிற்கிறது. நாலு சக்கரம், கம்பிகளுக்குப் பதில் பூ, முன்பக்கம் குதிரைக் கண், குதிரைப் பல். மாலை போட்டுத் தூக்கிப் போன அன்றைக்கு ஊரே சிரித்தது. பூசாரிகூடச் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்காமல் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் போய்விட்டது. உன் அப்பாவோடு கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு அந்தக் காரில் போய் வந்தாள். கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் புழுதியாக வந்து இறங்கி, "அக்கா, புளியமரமெல்லாம் நம்மளப் பாத்து ஓடியாருது" என்று சொன்னாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த வண்டி தெம்பில்லாதது என்று நீ சொல்கிறாய். எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் இரண்டு ஆண்பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் எஞ்சினைப் பற்றியே பேசுகிற வீட்டில் சோறு பரிமாறி என் தலை நரைத்திருக்கிறது. கேட்டுக் கேட்டே சிலது தெரியும். நம்ம மில் கதையை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்கமாட்டார்கள், பெரியப்பாவுக்கு வெட்கம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு ஒரு ஆசை வந்தது. பழைய எண்ணெய் எஞ்சினை எடுத்துவிட்டுக் காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் விற்ற பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து போட்டார். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டியதும் முதல் நாள் அரிசி மழையாகக் கொட்டியது. ஊரே வந்து பார்த்தது. மூன்றாவது நாள் கொட்டியது முழு அரிசி இல்லை, நொய். அரைக்கிற உருளை பழசு, அந்த வேகத்தைத் தாங்கவில்லை. அதற்குள் பெல்ட் இரண்டு தடவை அறுந்து ஆளடிக்க இருந்தது. பொங்கலுக்குள் மேற்குச் சுவரில் விரல் நுழைகிற மாதிரி விரிசல். கல்யாணத்துக்கு அரிசி அரைக்க வந்த ஒரு அம்மாள், "ஏங்க, நாங்க விருந்துக்கு அரிசி கேட்டோம், நீங்க நோயாளிக்குக் கஞ்சி போடக் குடுக்குறீங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். பெரிய எஞ்சின் போட்டவர் அதற்கு ஏற்ற உருளையும் சுவரும் போடவில்லை, அவ்வளவுதான். பழையதையே திரும்ப மாட்டினார். அந்த விரிசலை இப்போதும் நீ வந்தால் பார்க்கலாம், சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கிறார்.

காருக்கும் அதே பயம்தான் எனக்கு. அதன் பிரேக்கு என்ன பிரேக்கு? கம்பியைப் பிடித்து இழுக்கிற பிரேக்கு. ஒரு தடவை நம்ம தெருமுனையில் ஆடு குறுக்கே வந்தது. உன் அப்பா மிதித்தார், மிதித்தார், வண்டி நாலு வீடு தாண்டிப் போய்த்தான் நின்றது. ஆடு பிழைத்தது சாமி புண்ணியம். ஆட்டுக்காரர் நிதானமாக நடந்து வந்து, "தம்பி, காரு முன்னாடி வந்திருச்சு. பிரேக்கு எப்ப வரும், சாயங்கால பஸ்ஸுலயா?" என்று கேட்டார். சின்ன எஞ்சினுக்கே அப்படி. அதில் இரண்டு பங்கு தெம்பை ஏற்றி, புதுப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவேன் என்கிறாயே. பிரேக்கையும் மாற்றுவேன், ஸ்பிரிங்கையும் மாற்றுவேன் என்று நீ சொல்வாய். சக்கரத்தையும் மாற்றுவாய். சட்டத்தையும் அறுப்பாய். எல்லாவற்றையும் மாற்றிய பிறகு வள்ளிக்கண்ணு கை வைத்துப் பிடித்த கதவு மட்டும் மிஞ்சும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னாயா? அவளிடம் ஒரு வார்த்தை கேள் ராசு. கல்யாணத்துக்கு மறுநாள் நீ காட்டப் போவது உன் சாமர்த்தியத்தையா, உன் துக்கத்தையா என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? தெரியாமல் அவள் அந்த சீட்டில் உட்காருவது சரியில்லை.

அந்த நாளைப் பற்றி நான் உன்னிடம் இதுவரைக்கும் கோர்வையாகப் பேசியதில்லை. நீ கேட்டபோதெல்லாம் கோயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போயிருக்கிறேன். உன் ஆத்தாவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். உனக்கு ஒரு தங்கச்சியோ தம்பியோ. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தவள், "அக்கா, என்னமோ பண்ணுது" என்று எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பலகை நனைந்திருந்தது, இரத்தம். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "என் கையில இல்ல, டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள். காலை பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம். மாட்டு வண்டியில் போனால் இருட்டிவிடும். உன் அப்பா காரை எடுத்தார். நான் சீட்டில் உட்கார்ந்து அவளை மடியில் கிடத்திக்கொண்டேன். கால் நீட்ட இடமில்லை, முழங்காலை மடக்கிக் கதவில் சாய்த்துப் படுத்தாள். நீ வாசலில் நின்று, "நானும் வாரேன், நானும் வாரேன்" என்று அழுதாய். உன்னைப் பெரியப்பா தூக்கிக்கொண்டார். அவள் தலையைத் தூக்கி, "ஆத்தா வந்துருவேன்டா, சாமி" என்றாள். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ.

அன்னவாசல் வரைக்கும் அவள் பேசிக்கொண்டுதான் வந்தாள். ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை நகம் பதியப் பிடித்தாள். "குலுக்காமப் போங்க மாமா, குலுக்காமப் போங்க" என்று உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அதனால் அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். அன்றைக்கு உன் அப்பா அந்தச் சின்ன எஞ்சினில் இருந்த தெம்பைக்கூட முழுசாக எடுக்கவில்லை. எடுத்தால் அவள் துடித்தாள். ஜீப் எஞ்சின் என்ன, ஆகாய விமானத்தின் எஞ்சினே இருந்திருந்தாலும் அந்த ரோட்டில் அவ்வளவுதான் போயிருக்க முடியும். அன்னவாசல் தாண்டியதும் அவள் பேச்சு குறைந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். வலி தணிந்து தூங்குகிறாள் என்று முருகனுக்கு நன்றி சொன்னேன். கண்ணை மூடி அவன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சித்தன்னவாசல் பாறை தெரிகிற அந்த மேட்டில் வண்டி நின்றது. முன்னால் மூடியிலிருந்து ஆவி வந்தது. நான்தான் இறங்காமலே கத்தினேன். கடலைக் கொல்லையில் வேலை செய்தவர்கள் ஓடி வந்தார்கள். "எஞ்சின் நின்னுபோச்சு போல, ஏத்தம் தாங்கல" என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் முன்னால் போய், இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றட்டுமா என்று கேட்டார். உன் அப்பா, "வேணாம், விடுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன், எனக்குக் கோபம்கூட வந்தது. "என்ன தம்பி இப்படி உக்காந்துட்டீங்க, எந்திரிங்க" என்று சத்தம் போட்டேன். அவர்கள் எல்லோரும் சேர்ந்து காரை மேட்டில் தள்ளினார்கள். அந்தப் பக்கம் கல் ஏற்றிப்போன லாரி ஒன்று வந்தது, அதில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "வழியிலயே போயிருக்கும்மா" என்று சொன்னார். வழியில் எந்த இடத்தில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஊர் பேசியது. மேடு ஏறத் தெம்பில்லாத காரை வாங்கி வைத்திருந்தான் என்று பேசியது. உன் அப்பா அதை மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவரே அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். "பெரிய எஞ்சினா இருந்திருந்தா மேடு ஏறியிருக்கும் மதினி." வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, என்னிடம் சாவி வாங்கிப்போவார். காரைக் கழுவிச் சந்தனம் வைத்து எஞ்சினைக் கிளப்புவார். அது என்ன அழகாகச் சத்தம் போடும் தெரியுமா, இருமல் இல்லை, விக்கல் இல்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நிற்பார். அணைத்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நீ அந்தக் காரில் ஏறி உட்கார்ந்திருப்பாய். உன் கால் எட்டாது. ஸ்டியரிங்கைப் பிடித்து, வாயால் சத்தம் போட்டுக்கொண்டு, உடம்பை முன்னால் தள்ளித் தள்ளி ஓட்டுவாய். ஒரு நாள் தவிடு அள்ள வந்த என்னைப் பார்த்து, "பெரியாத்தா, ஏறிருச்சு. மேட்டுல ஏறிருச்சு" என்று சொன்னாய். நான் தவிட்டுக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நீ பத்து வருஷமாக மோட்டார் வேலை படித்ததும், ஒர்க்‌ஷாப்பில் கையைச் சுட்டுக்கொண்டதும் எதற்காக என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

உன் அப்பா ஒரு தடவை கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஐயனார் தோப்புக்குப் போனார். அந்த மண் காரை உடைக்கத்தான். பின்னாலேயே நானும் உன் பெரியப்பாவும் ஓடினோம். அங்கே வேளார் ஒரு குதிரைக்கு மண் பிசைந்துகொண்டிருந்தார். அவர் எழுந்து தடுக்கவில்லை. "ஒங்க கார்னா ஒங்க இஷ்டத்துக்கு ஒடைக்கலாம் தம்பி. அது ஐயனாரு கார். வச்சதுக்கப்புறம் நம்ம ஒடைக்கவும் கூடாது, ஒட்ட வைக்கவும் கூடாது. மழை என்ன பண்ணுதோ பண்ணட்டும்" என்று சொன்னார். உன் அப்பா கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு, அந்த மண் காரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அவள் செத்து அத்தனை மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த ஐப்பசி மழையில் அதன் ஒரு பக்கச் சக்கரம் விழுந்துவிட்டது. பல் இன்னும் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை விளக்குப் போடப் போனபோது பார்த்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: நம்ம ஊரில் பழைய குதிரையை யாரும் புதுசாக்குவதில்லை. அது நிற்கிற வரைக்கும் நிற்கும். வேண்டுதல் புதுசு என்றால் பக்கத்தில் புதுசாக ஒன்று வைக்கிறோம். நீயும் அந்த ஜீப் எஞ்சினை ஒரு ஜீப்பிலேயே போட்டு ஓட்டேன் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் எழுத எழுத மனசு மாறிவிட்டது. என்னிடம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், அந்த மேட்டில் வண்டி நின்றது நிஜம். குலுங்காமல் மெதுவாகப் போனோம் என்று நான் சொல்லலாம். 'மேட்டுல எதுக்கு நின்னுச்சு பெரியாத்தா?' என்று நீ கேட்டால் ஆவி வந்ததைத்தான் என்னால் சொல்ல முடியும். உன் அப்பா காமாலையில் படுத்த படுக்கையாக இருந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய எஞ்சினாக இருந்திருந்தால் ஏறியிருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்தப் பேச்சு உன்னை எப்படி அரித்திருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தடவை நீ அந்த மேட்டை ஏறிவிட்டால் உனக்குள் இருக்கிற அந்தப் பிள்ளை காரைவிட்டு இறங்கிவிடுவான் என்றால், ஏறிக்கொள். வெட்டிக்கொள், அறுத்துக்கொள். பழைய எஞ்சினை மட்டும் எடைக்குப் போடாதே, எண்ணெய் தடவி மில்லில் ஒரு மூலையில் வைத்துவிடு. பிரேக்கை முதலில் மாற்று, எஞ்சினை அப்புறம் மாற்று. கல்யாணத்துக்கு முன்னால் நீ தனியாக ஒரு தடவை ஓட்டிப் பார். அந்தப் பெண்ணை ஏற்றுவதற்கு முன்னால் என்னை ஏற்று. எனக்கு வயதாகிவிட்டது, எது நடந்தாலும் பரவாயில்லை. அந்த சீட்டில் நான் ஏற்கெனவே உட்கார்ந்து போயிருக்கிறேன்.

சாவியை இந்தக் கடிதத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் வைத்து அனுப்பலாம் என்று இப்போது அலமாரியிலிருந்து எடுத்தேன். மஞ்சள் துணி என்று எழுதினேன் அல்லவா, கையில் பிரித்துப் பார்த்தால் அது வெறும் துணி இல்லை. அன்றைக்கு நான் கட்டியிருந்த மஞ்சள் சேலையின் முந்தானை. இரத்தம் போகவில்லை என்று அந்தச் சேலையை எரித்தபோது, முடிச்சோடு இந்த நுனியை மட்டும் நான்தான் கிழித்து வைத்தேன். காரியம் முடிந்த பிறகு உன் அப்பா கொடுத்தார் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படி இல்லை ராசு. காரியத்தன்று நான் வெள்ளை நூல் சேலை கட்டியிருந்தேன். இந்தச் சாவி அந்த மேட்டிலேயே, கடலைக் கொல்லையிலிருந்து ஒருவரும் வருவதற்கு முன்னாலேயே, என் முந்தானைக்கு வந்துவிட்டது. நான் கண்ணை மூடி முருகன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, வண்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. உன் அப்பா இந்தப் பக்கம் சாய்ந்து வள்ளிக்கண்ணு முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரே சாவியைத் திருகி அணைத்து, அதை உருவி என் கையில் வைத்து, "இனிமே அவசரமில்ல மதினி" என்றார்.